பதினாறு அடி நான்கு அங்குலம்

நெய்வேலியில் பொறாமைப்படுவது அத்தனை சுலபமில்லை. எங்கள் தெருவில் இருந்த இருபத்துநான்கு குவார்ட்டர்ஸும் ஒரே வரைபடத்தைப் பார்த்துக் கட்டியவை. ஒரே அளவு ஜன்னல், ஒரே இடத்தில் குழாய், ஒரே மாதிரி அடுப்புக்கரி, எல்லாவற்றின் மேலும் சுரங்கத்திலிருந்து வந்து படியும் ஒரே பழுப்புத் தூசி. யாருக்கு என்ன கிரேடு, என்ன சம்பளம் என்பதும் ஊருக்கே தெரியும். இதற்குள் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து ஒருவன் வயிறெரிய வேண்டுமென்றால் கொஞ்சம் உழைக்க வேண்டும். நான் உழைத்தேன். முதல் ஐந்து வருடங்கள் சில்லறைப் பொறாமையிலேயே கழிந்தன. அவர் வீட்டு முருங்கை காய்த்தது. என் வீட்டு முருங்கை கம்பளிப்பூச்சி வளர்த்தது. அவர் வீட்டு ரேடியோவில் இலங்கை கேட்டது. என் வீட்டு ரேடியோவில் கரகரப்பு கேட்டது. இவையெல்லாம் வயிற்றில் லேசான சூடு, அவ்வளவுதான். எழுபதுகளின் பின்பாதியில் ஒரு நாள் அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, தான் ஒரு பாய்மரப் படகு கட்டப்போவதாகச் சொன்னார். அன்றைக்குத்தான் எனக்கு நிஜமான பொறாமை என்றால் என்னவென்று தெரிந்தது.

அவர் பெல்ட் செக்‌ஷனில் ஃபோர்மேன். சுரங்கத்திலிருந்து மண்ணையும் கரியையும் சுமந்துகொண்டு மைல் கணக்கில் ஓடும் கன்வேயர் பெல்ட் எங்காவது அறுந்தால், அதைப் படிப்படியாகச் செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, ரப்பர் பூசி, சூடேற்றி ஒட்டுகிற வேலை. கடலூர்க்காரர், கிறிஸ்தவர், நாற்பதைத் தாண்டியவர். என்னைவிடப் பத்து வயது பெரியவரானாலும் என்னை அவர் சார் என்றுதான் கூப்பிடுவார். நான் ட்ராயிங் ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேன். பென்சில் பிடிப்பவன் சார், ஸ்பேனர் பிடிப்பவர் வெறும் ஃபோர்மேன் என்பது டவுன்ஷிப்பின் எழுதாத சட்டம். நானும் அவரை ஃபோர்மேன் என்றேதான் கூப்பிட்டு வந்தேன்.

சின்ன வயதில் கடலூர் துறைமுகத்தில் பாய் விரித்துப் புறப்படும் தோணிகளைப் பார்த்து, இது எங்கே போகிறது என்று யாரைக் கேட்டாலும் தூத்துக்குடிக்கு என்று சொல்வார்களாம். அன்றிலிருந்து அவருக்குப் பாய் வைத்துத் தூத்துக்குடி போக வேண்டும். ரயிலில் போகலாமே என்று நான் சொன்னேன். ரயிலில் போய்விட்டு வந்தாயிற்று, அது வேறு தூத்துக்குடி என்றார்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கடல் என்னுடையது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பிறந்தது தாராபுரத்துக்குத் தெற்கே ஒரு வறண்ட ஊரில். ஆற்றில் தண்ணீர் வந்தால் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஜனங்கள் நாங்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நான், டவுன்ஷிப் நூலகத்தில் கடல் பயணம் சம்பந்தப்பட்ட ஒரு புத்தகத்தையும் விட்டுவைத்ததில்லை. மாலுமிகளுக்குப் பல் ஈறு ஏன் வீங்குகிறது, வாடைக்காற்று எந்த மாதத்தில் எந்தக் கோணத்தில் அடிக்கும், கயிற்றில் எத்தனை வகை முடிச்சு உண்டு, எல்லாம் எனக்குத் தெரியும். நேரில் கடலைப் பார்த்தது இரண்டு தடவை. இரண்டு தடவையும் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு நின்றேன். ஃபோர்மேனோ வாழ்நாளில் பஞ்சாங்கம் தவிர வேறு புத்தகத்தைத் தொட்டவராகத் தெரியவில்லை, அதுவும் கிறிஸ்தவர் என்பதால் சந்தேகம்தான். அந்த மனுஷன் படகு கட்டப்போகிறார்.

“படம் ஒண்ணு போட்டுக் குடுங்க சார். மனசுல இருக்குது, கையில வரல” என்று கேட்டார்.

போட்டுக் கொடுத்தேன். எந்தக் கன்வேயருக்கும் நான் அத்தனை சிரத்தையோடு கோடு இழுத்ததில்லை. நீளம் பதினாறு அடி நான்கு அங்குலம், அகலம் ஐந்து அடி மூன்று அங்குலம். பாம்பன் பாலத்துக்கு அடியில் போக வேண்டியிருக்கும் என்று நானே யோசித்து, பாய்மரத்தின் அடியில் ஒரு கீல் வைத்து, மரத்தை மடக்கிப் படுக்கவைக்கிற மாதிரி வரைந்தேன். அந்தக் கீலைப் பற்றி எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு. ஆபீஸில் யாரும் பார்க்காத நேரத்தில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அவரிடம் கொடுத்து ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். எதற்காக ஒன்றை வைத்துக்கொண்டேன் என்று கேட்டால், அது என் படகு என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. அவர் வெறுமனே அதைக் கட்டுகிறவர்.

வேலை தொடங்கியது. முத்தாண்டிக்குப்பத்திலிருந்து ஒரு தச்சர் வந்து நாலு கட்டைகளின்மேல் அடிமரத்தை ஏற்றிவைத்தார். பலகையெல்லாம் பலா மரம், பண்ருட்டிப் பக்கத்தில் அறுத்து வாங்கியது. பலகையோடு பலகை சேர்கிற இடங்களை ஃபோர்மேன் தச்சரிடம் விடவில்லை. பெல்ட்டைச் செதுக்குகிற மாதிரியே சரிவாகச் செதுக்கி, ஒன்றின்மேல் ஒன்றைப் படியவைத்து, அவரே சேர்த்தார். தச்சர் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு அவரும் அப்படியே செய்ய ஆரம்பித்தார். ஃபோர்மேனின் மனைவி தையல்காரி. தெருவிலுள்ள ரவிக்கைகளையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு, முரட்டுக் காடாத் துணியை இரட்டை மடிப்பாக மெஷினில் ஓட்டிப் பாய் தைத்தார். துணியை இழுத்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று என் மனைவியும் போய்விடுவாள். அந்தப் பக்கத்திலிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்கும். எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஒவ்வொரு நாளும் நானும் போவேன். பண்ருட்டி முந்திரி ஆலைகளில் கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பலகைக்குப் பூசினால் பூச்சி அரிக்காது, தண்ணீர் ஏறாது. மனிதத் தோலில் பட்டால் கொப்புளம் வரும். நான் குச்சியில் துணியைச் சுற்றித் தள்ளி நின்று பூசுவேன். வேட்டியில் ஒரு சொட்டு பட்டுவிட்டால் அதைப் பற்றி ஒரு வாரம் பேசுவேன். இதற்கெல்லாம் நான் எதிர்பார்த்த கூலி ஒன்றே ஒன்றுதான். அந்தப் படகில் எனக்கு ஓர் இடம். ‘சார், நீங்களும் வாங்களேன்’ என்று அவர் ஒரு தடவை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான் வேண்டாம் என்பேன், அவர் வற்புறுத்துவார், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்பேன். இந்த வசனத்தை நான் ஆறு மாதம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் அதற்கான முதல் வரியை எடுத்துக் கொடுக்கவே இல்லை.

நானாகக் கேட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். சார் என்று கூப்பிடப்படுகிறவன் ஃபோர்மேனிடம் போய், என்னையும் கூட்டிக்கொண்டு போகிறீர்களா என்று கேட்க முடியுமா? பென்சிலுக்கு ஒரு மரியாதை இருக்கிறதே. அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது. சொல்லப்போனால், கெடுத்தது நானேதான். மரியாதை பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய மச்சான் கடலூர் முதுநகரிலிருந்து வந்தார். அவர் மனைவியின் தம்பி. கடலுக்குப் போகிறவர், கருத்து இறுகிய உடம்பு. படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மாட்டைத் தட்டிப் பார்க்கிற மாதிரி விலாவில் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே ஏறிப் பின்பக்கம் உட்கார்ந்தார். நான் எனக்கென்று மனசுக்குள் ஒதுக்கி வைத்திருந்த இடம் அது. படத்தில்கூட அந்த இடத்தில் ஒரு சின்ன மனித உருவத்தை அளவுக்காக வரைந்திருந்தேன். அதற்கு என் மாதிரியே முன்வழுக்கை.

“நீங்கதான் படம் போட்டதா சார்?” என்று மச்சான் கேட்டார். ஆமாம் என்றேன். “படம் நல்லாத்தான் கீது. கடலுக்குத்தான் படம் படிக்கத் தெரியாது.”

எல்லாரும் சிரித்தார்கள், என் மனைவி உட்பட. பிறகு டீ குடித்துக்கொண்டே ஃபோர்மேன் சாதாரணமாகச் சொன்னார்: மாசி மாதம் அவரும் மச்சானும் புறப்படுகிறார்கள். ரெண்டு ஆள் போதும். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஆபீஸ் வேலை இருக்கிறது என்று வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையில் என்ன ஆபீஸ் வேலை என்று யாரும் கேட்கவில்லை. அதுவும் வலித்தது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் வேலிப் பக்கமே நான் போகவில்லை. முதல் வாரத்தில் ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன்.

மொட்டைக் கடிதம் என்பது எங்கள் டவுன்ஷிப்பில் கைவிடப்படாத ஒரு கலை. பதவி உயர்வு, குவார்ட்டர்ஸ் ஒதுக்கீடு, பக்கத்து வீட்டு ஆடு, எதற்கும் எழுதுவார்கள். எழுதுகிறவர்களை நான் மிகவும் கேவலமாக நினைத்திருந்தேன், முக்கியமாக அவர்களுடைய நடைக்காக. நான் எழுதியபோது ஒழுங்காக எழுத வேண்டும் என்று தீர்மானித்தேன். என் கையெழுத்து டிராஃப்ட்ஸ்மேன் கையெழுத்து, அச்சு மாதிரி இருக்கும், ஆபீஸில் யாரும் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே இடது கையால் எழுதினேன். தாள் ஆபீஸ் தாளாக இருக்கக்கூடாது என்று பண்ருட்டியில் வாங்கினேன். டவுன்ஷிப் முத்திரை விழக்கூடாது என்று பண்ருட்டியிலேயே தபாலில் போட்டேன். பஸ்ஸில் தெரிந்தவர் ஒருவர் எங்கே சார் என்று கேட்டதற்குப் பலாப்பழம் வாங்க என்று சொல்லி, ஐப்பசி மாதத்தில் ஏது பலாப்பழம் என்று அவர் யோசிப்பதற்குள் இறங்கி ஓடினேன்.

டவுன்ஷிப் நிர்வாகத்துக்கு நான் எழுதியது இதுதான்: மேற்படி குவார்ட்டர்ஸின் பின்புறத்தில், அனுமதி பெறாமல், பதினாறு அடி நான்கு அங்குல நீளமும் ஐந்து அடி மூன்று அங்குல அகலமும் கொண்ட ஒரு மரக் கட்டுமானம் எழுப்பப்பட்டுள்ளது. அதில் பூசப்படும் எண்ணெயின் நெடியால் குடியிருப்போர் அவதிப்படுகின்றனர். தக்க நடவடிக்கை கோருகிறேன். இப்படிக்கு, பொதுநலம் விரும்பி.

நடை எனக்குத் திருப்தியாக இருந்தது.

பத்து நாளில் ஓவர்சியர் வந்தார். நான் என் பக்கத்து வேலியோரம் முருங்கையைப் பரிசோதிக்கிற மாதிரி நின்றுகொண்டேன். ஓவர்சியர் ஒரு கையில் கடிதமும் மறு கையில் டேப்பும் வைத்திருந்தார். டேப்பின் அந்த முனையை ஃபோர்மேனே பிடித்துக்கொண்டார். ஓவர்சியர் அளந்தார், கடிதத்தைப் பார்த்தார், மறுபடியும் அளந்தார்.

“பெட்டிஷன்ல பதினாறு நாலுன்னு இருக்கு. டேப்புல பதினஞ்சு பத்துதான் வருது. மீதி ஆறு அங்குலம் எங்கய்யா?”

எங்கேயும் இல்லை என்றார் ஃபோர்மேன். ஓவர்சியர் மனசாட்சியுள்ள மனிதர். கடிதத்தில் இத்தனை துல்லியமாக எழுதியிருக்கும்போது அளவு குறைகிறதென்றால் எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, குளியலறைக்குப் பின்னாலும் கரி அறையிலும் போய் அந்த ஆறு அங்குலத்தைத் தேடினார். நான் வராத அந்த இரண்டு வாரத்தில், முன்மூக்குப் பலகை ஒன்று வெடித்துவிட்டது என்று ஆறு அங்குலத்தைக் கழித்துவிட்டிருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. இடது கை, பண்ருட்டித் தாள், பண்ருட்டித் தபால், எல்லா ஜாக்கிரதையும் செய்துவிட்டு, படத்தில் இருந்த அளவை அங்குலம் பிசகாமல் எழுதியிருந்தேன். வேறு எவன் எழுதியிருந்தாலும் ‘ஏதோ பெரிய படகு’ என்று எழுதியிருப்பான். பதினைந்து வருஷப் பழக்கம். அளவு எழுதாமல் ஒரு பொருளைக் குறிப்பிட என் கைக்குத் தெரியாது, இடது கைக்கும்.

டேப்பைப் பிடித்திருந்த ஃபோர்மேன் என் பக்கம் திரும்பவே இல்லை. ஓவர்சியருக்கு டீ கொடுக்கச் சொன்னார். பெல்ட் ஒட்டுகிறவருக்கு இதெல்லாம் எங்கே புரிந்திருக்கப்போகிறது என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். பெல்ட் ஒட்டுகிறவர்கள் கால் அங்குலம் பிசகினால் சுரங்கமே நிற்கும் என்பதால் அளவிலேயே வாழ்கிறவர்கள் என்பது எனக்கு வசதியாக மறந்துபோயிற்று.

சாயங்காலம் என் மனைவி வந்து, “ஏனுங்க, அவுங்க மேல மொட்டைக் கடுதாசி போட்டிருக்காங்களாமா. எந்த நாசமாப் போறவன் எழுதுனானோ, அவன் கை அழுகித்தான் போகோணும்” என்றாள். சாப்பாட்டைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள். நான் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

ஒரு வாரத்தில் நோட்டீஸ் வந்தது: பதினைந்து நாளுக்குள் கட்டுமானத்தை அகற்ற வேண்டும், இல்லையென்றால் விளக்கம் தர வேண்டும். ஃபோர்மேன் அதை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். தெருவில் மனு எழுத வேண்டுமென்றால் எல்லாரும் வருவது என்னிடம்தான். “நல்லதா ஒரு பதில் எழுதிக் குடுங்க சார்” என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

எழுதினேன், வலது கையால். கட்டுமானம் என்றால் நிலத்தோடு பிணைந்திருக்க வேண்டும். மேற்படி பொருள் நாலு கட்டைகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கட்டுமானம் என்று கொண்டால் ஒவ்வொரு குவார்ட்டர்ஸிலும் உள்ள பீரோவும் கட்டுமானமே ஆகும். மனுதாரரின் எண்ணெயில் முந்திரி வாசனை தவிர வேறு நெடி இல்லை. பெயர் சொல்லத் துணிவில்லாத ஒருவருடைய பொறாமைக்கு நிர்வாகம் இடம் தரலாகாது. இந்தக் கடைசி வரியை எழுதும்போது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் மிகச் சிறந்தவை இரண்டு. இரண்டும் ஒரே மாதத்தில், ஒரே படகைப் பற்றி, ஒன்றையொன்று எதிர்த்து எழுதியவை. இரண்டிலும் என் பெயர் இல்லை.

நிர்வாகம் நியாயமாகவே நடந்துகொண்டது. பொங்கல் கழிந்து பத்து நாள்வரை அவகாசம், அதற்குள் பொருளை எடுத்துவிட வேண்டும். மாசியில் நிதானமாகப் போவதாக இருந்தவர்கள் இப்போது தையிலேயே கிளம்ப வேண்டும். மழைக் காலம் வேறு. எண்ணெய் காய மறுத்தது. பக்கத்தில் வடக்குத்து கிராமத்தில் ஒரு கொட்டகைக்கு மாற்றிவிடலாமே என்று யாரோ சொன்னார்கள். பாதி வேலையில் படகை அசைத்தால் சேர்த்த இடமெல்லாம் விட்டுவிடும் என்று ஃபோர்மேன் மறுத்துவிட்டார். அவருக்கு எந்த ஷிஃப்ட்டாக இருந்தாலும் மிச்ச நேரமெல்லாம் படகுதான்.

நானும் தினம் போனேன். குற்ற உணர்ச்சி ஒருவனுக்கு இத்தனை உடல் வலிமை தரும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. பலகைகளைத் தேய்த்தேன். மழைக்குத் தார்ப்பாய் பிடித்தேன். குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையாலேயே எண்ணெயைப் பூசினேன். இரண்டு கையும் கொப்புளித்துத் தோல் உரிந்தது. இடது கை கொஞ்சம் அதிகமாகவே. என் மனைவி மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, பாருங்க, நல்லது செய்யறவங்களுக்குத்தான் இப்படியெல்லாம் வரும் என்றாள்.

பொங்கலுக்கு மறுநாள் வேலை முடிந்தது. ஃபோர்மேன் பாய்மரத்தின் கீலுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேர்தான். எங்கள் ஆபீஸில் ஒரு முறை உண்டு. வேலை முடிந்ததும், களத்தில் நடந்த மாற்றங்களையெல்லாம் அளந்து, உள்ளது உள்ளபடி ஒரு புதுப் படம் போட்டு வைக்க வேண்டும். ஃபோர்மேனுக்கும் அது தெரியும்.

“படத்த மாத்திக் குடுத்துடுங்க சார்” என்றார், கீலிலிருந்து கண்ணை எடுக்காமல். “அதுல பதினாறு நாலுன்னு கீது. மறுக்கா யாராச்சும் எழுதிப் போட்டா அளவாச்சும் சரியா இருக்கணுமில்ல.”

என் கையில் இருந்த துணியை நான் மடித்தேன். பிரித்து மறுபடியும் மடித்தேன்.

“படம் ரெண்டே காப்பி. ஒண்ணு எங்க வூட்டுப் பொட்டியில கீது. அத நான் யாராண்டயும் காட்டல சார்.”

“அன்னிக்கே தெரியுமா?” என்று கேட்டேன். அதைவிட முட்டாள்தனமான கேள்வி எனக்குக் கிடைக்கவில்லை.

“டேப்பப் புடிச்சிகினு நின்னவன் நான்தான சார்.”

“அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

“கேட்டா மூஞ்சியக் காட்டுவீங்களா? பதில் எழுதணும், பலகை தேய்க்கணும், எண்ணெ பூசணும். பொங்கல் கழிஞ்சி பத்து நாள்ல எடுக்கச் சொல்லிட்டான். ஆளு வேணுமில்ல.”

இரண்டு மாதமாக நான் பிராயச்சித்தம் என்று நினைத்துச் செய்ததை, அவர் ஆள் பற்றாக்குறைக்கு வந்த ஆள் என்று வரவு வைத்திருக்கிறார். தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடுவதுதான் முறை. ஆனால் பொறாமை அத்தனை சீக்கிரம் தோற்கிற சாமான் அல்ல. அந்த நிலையிலும் என் வாயிலிருந்து வந்தது குற்றச்சாட்டுதான்.

“நீங்க என்னைக் கூப்பிடவே இல்லையே.”

“எங்க?”

“படகுக்கு.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, “வேட்டில ஒரு சொட்டு பட்டா ஒரு வாரம் பேசற ஆளு. உங்களுக்கு வரணும்னு நான் இன்னா கனவா கண்டேன்? மொட்டக் கடுதாசி எழுதிகினு கெடந்த நேரத்துக்கு வாயத் தொறந்து கேக்கறதுதான சார்” என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் வருத்தமாகச் சொன்னார்.

அதற்குள் அவர் மனைவி டீயோடு வந்துவிட்டார். குடித்தோம். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஃபோர்மேன் சொன்னார்: “பரங்கிப்பேட்ட வரைக்கும் வாங்க. அர நாளு. அங்க எறங்கி பஸ்ஸப் புடிங்க. அதுக்கு மேல போனா தண்ணிக் கொடத்துக்கே எடம் பத்தாது.”

மானமுள்ளவன் வேண்டாம் என்றிருப்பான். நான் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டேன்.

லாரியில் ஏற்றிக் கடலூர் கொண்டுபோய், ஆற்று முகத்துவாரத்தில் இறக்கினோம். விடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். புதுப் படத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன், பதினைந்து அடி பத்து அங்குலம். ஃபோர்மேன் இரண்டையும் வாங்கி ரப்பர் துணியில் சுற்றி வைத்துக்கொண்டார். ஒரு பிரதியை எனக்குத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

நடுவில் என்னை உட்காரவைத்தார்கள், அரிசி மூட்டைக்கும் குடத்துக்கும் இடையில். பின்பக்கம் மச்சான். பாய் ஏறியது. முகத்துவாரம் தாண்டியதும் காற்று செத்துவிட்டது. வாடை இந்த மாதத்தில் இந்தக் கோணத்தில் அடிக்க வேண்டும் என்று நான் படித்திருந்த காற்று அன்றைக்கு வரவில்லை. துடுப்புப் போட்டுத்தான் நகர்த்தினார்கள்; காற்றில்லாத படகு முன்னே போனதைவிட இடமும் வலமுமாக ஆடியதுதான் அதிகம். கரை கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது, அதுவும் ஆடியது. முதல் அரை மணி நேரம் நான் வாந்தி எடுக்காமல் இருந்தேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். பிறகு எடுத்தேன். பரங்கிப்பேட்டைவரை எடுத்தேன். மச்சான் இஞ்சித் துண்டு ஒன்று கொடுத்து, “புத்தகத்துல இது இருந்திச்சா சார்?” என்று கேட்டார். இருந்தது. எந்த அத்தியாயம் என்றுகூட எனக்குத் தெரியும். சொல்ல வாய் ஒழியவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நடுவில் ஒரு கால் மணி நேரம் எங்கிருந்தோ ஒரு காற்று வந்தது. பாய் உப்பி, கயிறு விண்ணென்று இறுகி, படகு ஒரு பக்கம் சாய்ந்து ஓடியது. என் முதுகுக்குக் கீழே நான் வரைந்த வளைவு தண்ணீரை அறுக்கிற சத்தம் கேட்டது. அந்தக் கால் மணி நேரம் வயிறு அடங்கிக் கிடந்தது. ஃபோர்மேன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அதற்கு முன் நான் புத்தகத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன். அதற்குப் பின் இன்னது வேண்டும் என்று தெரிந்து பொறாமைப்படுகிறவன் ஆனேன். இரண்டாவதற்கு மருந்து கிடையாது.

பரங்கிப்பேட்டையில் மதியத்துக்கு மேல் முழங்கால் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். மச்சான் செருப்பை எடுத்துக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டு, சிதம்பரம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன். எப்படி இருந்தது என்று மனைவி கேட்டாள். வெறும் அலை என்றேன். மறுநாள் ஆபீஸ்.

அதன்பின் தினமும் டிராயிங் போர்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கரையோரம் வரைந்து, இன்றைக்கு எங்கே இருப்பார்கள் என்று புள்ளி வைப்பேன். நாகப்பட்டினம். கோடிக்கரை. பாம்பனில் கீலை மடக்குவார்கள் என்று நினைத்த அன்று ஒரு கன்வேயர் படத்தைத் தப்பாகப் போட்டுத் திட்டு வாங்கினேன். அவர்கள் நல்லபடி போய்ச் சேர வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். கூடவே, எங்காவது காற்றில்லாமல் ஒரு வாரம் மாட்டிக்கொள்ளட்டும் என்றும் தோன்றும்.

மாட்டிக்கொள்ளவில்லை. பன்னிரண்டாம் நாள் தூத்துக்குடி. படகை அங்கே உறவுக்காரர் ஒருவரிடம் விட்டுவிட்டு ஃபோர்மேன் ரயிலில் திரும்பினார். தெருவே அவர் வீட்டில் கூடியது. நான் இரண்டு நாள் கழித்து, கூட்டமெல்லாம் ஓய்ந்தபின் போனேன். முகம் கருத்து உதடு வெடித்திருந்தது. எல்லாம் நல்லபடியாக இருந்ததா என்று கேட்டேன். பாம்பனில் கீல் பூப்போல மடங்கியது என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் மெதுவாக, ஆறுதலாகச் சொல்கிற குரலில் சொன்னார்:

“உங்கள எறக்கி வுட்டோமில்ல சார், அப்பாலதான் காத்து நல்லாப் புடிச்சிது. தூத்துக்குடி வரைக்கும் நிக்கவே இல்ல.”

பழி தீர்த்தாரா, நடந்ததைத்தான் சொன்னாரா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. அவர் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. அதுதான் என்னைத் தின்கிறது.